அவருடைய சவரக்கத்தி

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோன பிறகும், குர்ஆனின் ஃபாத்திஹா சூராவை முதலிலிருந்து கடைசி வரை பிசகில்லாமல் ஓத அவரால் முடிந்தது. தண்ணீர் வேண்டும் என்று மட்டும் சொல்ல முடியவில்லை. சின்ன வயதிலிருந்து ஓதி ஓதிப் பழகியவை மூளையில் வேறோர் இடத்தில் இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் விளங்கப்படுத்தினார்கள். கட்டிலில் கிடந்தபடி அவர் ஓதுவதைக் கேட்டால், இதோ எழும்பி உட்காரப் போகிற மனிதரைப் போலத்தான் இருக்கும். ஓதி முடித்து என் பக்கம் திரும்பி வாயைத் திறப்பார். ஒன்றும் வராது.

சாதாரணப் பேச்சில் அவருக்கு மிஞ்சியிருந்தது, ஆம் என்பதற்கு நாங்கள் சொல்கிற ‘ஓம்’ என்ற ஒரே சொல். வேண்டும் என்றாலும் ஓம், வேண்டாம் என்றாலும் ஓம். “தேத்தண்ணி தரட்டா மச்சான்?” என்று கேட்டால் ஓம் என்பார். கொண்டுவந்தால் இடக்கையால் தள்ளிவிடுவார். வலக்கை அசையவில்லை. முகத்தின் வலப்பக்கம் சரிந்திருந்தது. வாய் சொல்வதும் மனம் நினைப்பதும் வேறு வேறாகப் போவது அவருக்கே தெரிந்தது. சொன்னபின் ஏற்படும் திகைப்பு கண்ணில் தெரியும்.

சாய்ந்தமருதில் கடற்கரைக்குப் பக்கத்தில் எனக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டில்தான் நாங்கள் இருக்கிறோம். பெண்கள் போடும் அபாயா அங்கி தைப்பது என் தொழில். முன்னறையில் தையல் மெஷினுக்கு எதிர்ப்புறமாக அவருடைய கட்டிலைப் போட்டேன். நான் தைக்க, அவர் பார்த்துக்கொண்டிருப்பார். எங்களுக்கு ஒரே மகள். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறை நாட்களில் மட்டும் வீட்டுக்கு வருவாள்.

அவர் தாடையில் மட்டும் கட்டையாக வெட்டிய தாடி வைத்திருப்பவர். கன்னமும் கழுத்தும் சுத்தமாக இருக்க வேண்டும். சுருட்டை மயிர் என்பதால் கண்ட கண்ட பிளேட்டைப் போட்டால் மயிர் தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து கழுத்தெல்லாம் பருப் போட்டுவிடும். கத்தாரில் ஹோட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்த காலத்தில், அவரோடு ஓர் அறையில் இருந்த துருக்கிக்காரர் ஒருவர் சலூன்காரர். அவர்தான் இவருக்கு மடக்குச் சவரக்கத்தியைப் பழக்கியவர். ஊருக்குத் திரும்பும்போது தன்னிடமிருந்த கத்தியில் ஒன்றையும், அதைத் தீட்டும் கல்லையும், தோல் வாரையும் இவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். அவை மரப்பெட்டி ஒன்றில் அலுமாரியின் மேல்தட்டில் இருந்தன.

வியாழக்கிழமை பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து ஜன்னலோரம் கதிரையைப் போட்டு அவர் சவரம் செய்வார். மறுநாள் ஜும்ஆத் தொழுகைக்குப் போக வேண்டும் அல்லவா. கல்லில் கத்தி போகும் சத்தம், சமைத்துக்கொண்டிருக்கும் எனக்குக் குசினி வரை கேட்கும். ஒருநாளும் நான் போய்ப் பார்த்ததில்லை. பார்க்கக்கூடாது என்று அவர் சொல்லவும் இல்லை. அந்த நேரம் அவருக்கு உரியது என்று எப்படியோ விட்டுவிட்டேன். என் தையலைப் பற்றி அவரும் ஒன்றும் கேட்டதில்லை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தாலும் அவருடைய கைவேலை எனக்கும் என்னுடையது அவருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், கடையில் விற்கும் பிளாஸ்டிக் ரேஸரை வாங்கி நானே வழித்துவிட்டேன். பயந்தது போலவே கழுத்து முழுக்கப் பருப் போட்டுச் சீழ் வைத்தது. தலையணையில் கழுத்தைச் சாய்க்க முடியாமல் அவதிப்பட்டார். பார்க்க வந்த அவருடைய தம்பி, “ரேஸர வைங்க மச்சி, நான் ஆள் கூட்டி வாறன்” என்று அக்கரைப்பற்றிலிருந்து தனக்குப் பழக்கமான சலூன்காரரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

அந்தச் சலூன்காரர் நல்ல மனிதர். கை மெதுவானது. ஆனால் பேச்சு வராதவருக்குக் காதும் கேட்காது என்று நினைத்துவிட்டார் போலும், அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டுச் சத்தமாகக் கதைத்தார். “காக்கா, கன்னத்த உப்புங்க பாப்பம்! உப்புங்க!” இவர் உப்பிப் பார்த்தார். சரிந்த பக்கத்தால் காற்று ‘புஸ்’ என்று போய்விட்டது. முடித்ததும் சலூன்காரர் வழக்கப்படி கண்ணாடியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். நோய் வந்தபின் இவர் கண்ணாடி பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த முறை தம்பி சலூன்காரரைக் கூட்டி வந்தபோது இவர் இடக்கையால் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தரவே இல்லை. “ஓம், ஓம், ஓம்” என்று கத்தினார். அந்த ஓமின் கருத்து எங்கள் எல்லோருக்கும் விளங்கியது.

அதற்குப் பிறகுதான் அலுமாரியைக் காட்டத் தொடங்கினார். நான் இடுப்பில் உடுத்தும் சாரனை எடுத்துக் காட்டினேன். சேர்ட்டை எடுத்துக் காட்டினேன். குர்ஆனை எடுத்தேன். போர்வையை எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஓம் என்றார், விரல் மட்டும் கீழே இறங்கவில்லை. கடைசியில் கதிரையில் ஏறி அந்தப் பெட்டியைத் தொட்டதும் ஓம் என்று கூடச் சொல்லாமல் கண்ணை மூடித் திறந்தார்.

பெட்டியை அவருடைய மடியில் வைத்துத் திறந்தேன். கடற்காற்று சும்மா இருக்குமா? எண்ணெய் பூசி வைக்க ஆள் இல்லாததால் கத்தியின் வாயில், அந்த வெட்டும் ஓரத்தில், துருவின் செம்புள்ளிகள் விழுந்திருந்தன. இடக்கைப் பெருவிரலை அந்த வாயின் குறுக்கே மெதுவாக வைத்துப் பார்த்துவிட்டுக் கத்தியை என்னிடம் நீட்டினார். பிறகு கல்லைக் காட்டினார். பிறகு என்னைக் காட்டினார்.

“நானா? எனக்கு இது ஏலா மச்சான்.”

“ஓம்” என்றார்.

மீன் வெட்டும் கத்தியை நான் பின்வாசல் சீமெந்துப் படியில் தீட்டுவேன். சாய்த்துப் பிடித்து, அழுத்தி, முன்னும் பின்னுமாக இழுத்தால் கூர் வந்துவிடும். சவரக்கத்தியும் அப்படித்தான் என்று நினைத்தேன். கல்லை ஈரத்துணியில் வைத்து, தண்ணீர் தெளித்து, கத்தியைச் சாய்த்து இழுத்தேன். கட்டிலிலிருந்து ஒரு முனகல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். சாய்ப்பு போதாது என்கிறாராக்கும் என்று இன்னும் சாய்த்தேன். முனகல் கூடியது. என்னால் முடிந்த மட்டும் இழுத்து முடித்துக் கத்தியை அவருடைய கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கத்தியின் வாய் முழுக்கக் கீறல், ஓரமெல்லாம் பிசிறு. வாழைப்பழம் கூட வெட்ட உதவாது.

பக்கத்தில் தண்ணீர்க் கோப்பை இருந்தது. அதைத் தட்டிவிட்டார். தைத்து முடித்த அபாயா மேலே தண்ணீர் கொட்டியது. நோய்க்கு முன் குரல் உயர்த்தாத மனிதர் அவர். நான் துணியை எடுத்துக்கொண்டு போய் வெயிலில் போட்டேன். கொஞ்ச நேரம் கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவருக்குக் கோபம் என்மேல் இல்லை என்று தெரியும். தெரிந்தாலும் மனம் கொதித்தது. உள்ளே அவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஒரு காரியத்தை வெளியே எடுக்க முடியாமல் ஒருவர், எடுத்துத் தந்தால் செய்யக்கூடிய கையோடு இன்னொருவர். இருவருக்கும் நடுவில் எதுவும் இல்லை. திரும்பிப் போனபோது அவர் பிசிறு விழுந்த கத்தியைச் சாரனில் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் மகள் வந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் ஃபோனைத் தட்டினாள். “உம்மா, இதுக்கெல்லாம் வீடியோ இரிக்கி.”

பாஷை விளங்காத யாரோ ஒருவர் கத்தி தீட்டுவதைப் பார்த்தோம். அப்போதுதான் என் பிழை தெரிந்தது. கத்தியைச் சாய்க்கவே கூடாது. முதுகும் வாயும் இரண்டும் ஒரே நேரத்தில் கல்லில் படுக்க வேண்டும். அந்தத் தடித்த முதுகை அளவாக வைத்திருப்பதே அதற்காகத்தான். வாய் முன்னே போக, கல்லிலிருந்து மெல்லிய ஒரு படலத்தைச் சீவுவது போல நகர்த்த வேண்டும். கல் முடியும் இடத்தில் கத்தியைத் தூக்காமல் முதுகின் மேலேயே புரட்டி மறுபக்கத்தால் திரும்பி வர வேண்டும்.

கல்லுக்கு இரண்டு முகம். ஒன்று கறுப்பு, கரடானது. மற்றது பால் தேத்தண்ணி நிறம், தொட்டால் வழுவழுப்பு. நான் கெடுத்ததைச் சரி செய்யக் கறுப்புப் பக்கத்தில் தொடங்கினேன். மகள் ஃபோனைப் பிடித்துக்கொண்டு, “மெதுவா உம்மா, இப்ப திருப்புங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஃபோனில் அந்த ஆளும் விடாமல் கதைத்துக்கொண்டிருந்தார். இவர் கையை ஆட்டி ஆட்டி எதையோ காட்டினார். மகள் ஃபோனை அவர் பக்கம் திருப்பினாள். அவர் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காதைத் தொட்டார்.

“வாப்பாவுக்குக் கல்லுட சத்தம் கேக்கணும் போல” என்றாள் மகள்.

ஃபோனை நிறுத்தினோம். வீடு அமைதியானது. நான் கத்தியை நகர்த்த, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கரகரவென்ற சத்தம் வரும்போது நெற்றி சுருங்கியது. அழுத்துகிறேன் என்று விளங்கிக் கையை இளக்கினேன். சத்தம் மெலிந்தது. நெற்றி விரிந்தது. கொஞ்ச நேரத்தில் பழைய பழக்கம் திரும்பி வந்து கை தானாக அழுத்தும். திரும்பவும் நெற்றி சுருங்கும். வாயால் சொல்லும் ஓமை நம்ப முடியாத எனக்கு நம்பக்கூடிய ஓரிடம் அந்த நெற்றியில் கிடைத்தது.

அப்படியும் எவ்வளவு இளக்குவது என்று என் கைக்குப் பிடிபடவில்லை. தையல்காரியின் கை துணியை இழுத்துப் பிடித்தே பழகியது. பால் தேத்தண்ணிப் பக்கத்துக்கு மாறியபின்பும் தடுமாறிக்கொண்டுதான் இருந்தேன். கதிரையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, கல்லை அவருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். இடக்கையை நீட்டி என் புறங்கை மேல் ஒரு விரலை வைத்தார். வைத்த விரலை மணிக்கட்டு வரை கொண்டுபோனார். தொட்டதா தொடவில்லையா என்று சந்தேகப்படும்படி அவ்வளவு மெல்லியதாக. திரும்பவும் விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை. என் கையில் மயிர்க்கால் சிலிர்த்தது.

“இவ்வளவுதானா?” என்று கேட்டேன்.

ஓம் என்று சொல்லவில்லை. இன்னொரு தடவை அதே மாதிரி விரலை நகர்த்தினார்.

அந்தப் பாரத்தில் கத்தியை நகர்த்திப் பார்த்தேன். கத்தியின் சொந்தப் பாரம் மட்டும்தான் கல்லில். முதலில் ஒன்றும் நடக்காதது போல இருந்தது. பிறகு கத்தியின் வாய்க்கு முன்னால் தண்ணீர் மெல்லிய கோடாக எழுந்து ஓடத் தொடங்கியது. கல் கத்தியைப் பிடித்துக்கொள்வது போல ஓர் ஒட்டு. சத்தம் அநேகமாக இல்லை, பட்டுத்துணியில் கை போகிறது போல ஒன்று மட்டும். எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. நிறுத்த மனம் வரவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போய்க்கொண்டே இருந்தேன்.

“காணும்.”

மகள் சொன்னாள் என்று நினைத்து, “பொறுங்க மகள்” என்றேன். மகளோ வாயில் கையை வைத்துக்கொண்டு வாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நோய் வந்த நாளிலிருந்து ஓமைத் தவிர அவருடைய வாயில் வந்த முதல் சொல். போதும் என்பதற்கு நாங்கள் சொல்கிற சொல். சோற்றுத் தட்டுக்கு முன்னால் எத்தனையோ தடவை அவரிடமிருந்து கேட்ட சொல்.

“என்ன சொன்னீங்க மச்சான்? திருப்பிச் சொல்லுங்க.”

முயன்றார். உதடு கோணியது. “ஓம்” என்றுதான் வந்தது. மகள் அழுதுவிட்டாள். நான் அழவில்லை. கையில் கத்தி இருந்தது.

தோல் வாரை ஜன்னல் கம்பியில் கட்டி, இப்போது முதுகு முன்னே போக, வாய் பின்னால் இழுபட, மேலும் கீழுமாகத் துடைத்தோம். இந்தத் திசையை மாற்றினால் வார் அறுந்துவிடும் என்று வீடியோவில் பார்த்திருந்தேன். என் முன்கையில் வைத்துப் பார்த்தேன். தோலைத் தொடாமலே மயிர் உதிர்ந்தது.

கூர் வந்ததும்தான் பயமும் வந்தது. இதைக் கொண்டுபோய் அவருடைய கழுத்தில் வைக்க வேண்டும். மகள் ஒரு யோசனை சொன்னாள். சலூன் வேலை பழகுகிறவர்கள் பலூனில் நுரை பூசி வழித்துப் பழகுவார்களாம். கடைக்கு ஓடிப்போய்ப் பலூன் வாங்கிவந்து ஊதினாள். பச்சை நிறப் பலூன். அதற்குச் சவர்க்கார நுரை பூசி, அவருக்கு முன்னாலேயே வழித்தேன். பாதி தூரம் ஒழுங்காகப் போனேன். இவ்வளவுதானே என்று நினைத்த நேரம் ‘டப்’ என்று வெடித்து நுரை என் முகத்திலும் அவருடைய முகத்திலும் தெறித்தது.

அவர் சிரித்தார். ஒரு பக்கத்து வாய் மட்டும் சிரித்தது. தோள் குலுங்கியது. மூச்சு வாங்கும் வரை சிரித்தார். பிறகு சட்டையில் நுரை வழிந்தபடியே தலையணையில் சாய்ந்து, கழுத்தை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டார். என்னிடம் இன்னும் பலூன் இருந்தது. அவர் அதற்குக் காத்திருக்கத் தயாராக இல்லை.

அல்லாஹ்வின் பேரில் பிஸ்மி சொல்லித் தொடங்கினேன். இடக்கன்னம் சுகமாக வந்தது. அவரே வாயைக் கோணித் தோலை இழுத்துத் தந்தார். வலக்கன்னம் வேறு மாதிரி. அங்கே தோல் தளர்ந்து கிடந்தது. நான்தான் விரலால் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. உணர்ச்சியும் குறைவு. வலித்தால் சொல்லவும் தெரியாது, வலிப்பதும் தெரியாது. மற்றப் பக்கத்தில் அவருடைய நெற்றி எனக்கு வழி காட்டியது. இந்தப் பக்கத்தில் யாருமே இல்லை. தாடையெலும்பின் கீழே ஓரிடத்தில் கை கொஞ்சம் சறுக்கியது. நுரையில் சிவப்பு ஊறியது. நான் கத்தியை எடுத்துவிட்டுத் துவாயால் ஒற்றினேன். ஏன் நிறுத்தினேன் என்று கண்ணைத் திறந்து பார்த்தார். துவாயில் இரத்தத்தைக் காட்டினேன். பெட்டிக்குள் விரலை நீட்டினார். மூலையில் படிகாரக் கட்டி ஒன்று இருந்தது. அதை நனைத்து வைத்ததும் நின்றுவிட்டது. திரும்பவும் கழுத்தை நிமிர்த்தினார்.

அந்த நிமிர்த்தலை நான் இன்னும் நினைப்பதுண்டு. காயப்படுத்திய கையிடமே கழுத்தைக் கொடுத்தார். அவருக்கு வேறு வழி இல்லை என்று சொல்லலாம். ஆனால் அக்கரைப்பற்றுச் சலூன்காரரின் கை என்னுடையதை விட எத்தனையோ மடங்கு நல்ல கை. அதற்கு அவர் முகம் தரவில்லை.

முடித்தபின் கண்ணாடியைக் கொடுக்கலாமா என்று தயங்கினேன். அவராகக் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். அது அவருக்குப் போதுமாக இருந்தது. பருக்கள் மெல்ல மெல்ல ஆறின. அதன் பிறகு வந்த ஒரு வெள்ளிக்கிழமை தம்பி வந்து, சக்கர நாற்காலியில் வைத்துப் பள்ளிவாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெளுத்த சாரனும் தொப்பியுமாக அவர் வாசல் படலையைத் தாண்டிப் போவதை ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊரில் கதை பரவத்தான் செய்தது. துணி அளவு கொடுக்க வந்த பெண் ஒருத்தி கேட்டாள், “ராத்தா, நீங்கதான் காக்காக்குச் சவரம் செய்யிறயாம், உண்மையா?” உண்மை என்றேன். “அல்லாஹ்வே, எனக்கெண்டா கை நடுங்கும்” என்றாள். எனக்கும் நடுங்கியதுதான். ஆனால் கத்தி நடுங்கவிடாது. அந்தப் பாரத்தில் பிடிக்கும்போது கை அடங்கிவிடுகிறது.

பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ‘காணும்’ அடுத்த நாளே வந்துவிடும் என்று காத்திருந்தேன். அது வரவில்லை. முதலில் மகளுடைய பெயர் வந்தது. பிறகு ‘சூடு’, பிறகு ‘போ’. வீட்டில் எல்லோரும் அந்தப் ‘போ’வைக் கேட்டுச் சந்தோஷப்பட்டோம், எங்களைத்தான் விரட்டுகிறார் என்றாலும். இப்போது சின்னச் சின்ன வசனமாகக் கதைக்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். வலக்கை மட்டும் அப்படியே இருக்கிறது.

வியாழன் அசருக்குப் பின் சவரம் இன்றும் என் வேலைதான். இடக்கையால் பழகிப் பாருங்கள் என்று பாதுகாப்பான ரேஸர் ஒன்றை மகள் வாங்கிக் கொடுத்தாள். அது பிரிக்காத உறையோடு கிடக்கிறது. இப்போது அவர் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கிறார். போன வியாழனும் அப்படித்தான், நான் கத்தியைக் கழுவி எண்ணெய் பூசிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“தாடி... கோணல்.”

“எங்க கோணல்? நேராத்தானே இரிக்கி.”

“இந்தப் பக்கம்... இறங்கி.”

“உங்கட முகம் சரிஞ்சிரிக்கி மச்சான், தாடி நேர்தான்.”

கண்ணாடியை இன்னொரு தடவை பார்த்தார். யோசித்தார். “இல்ல. தாடிதான்” என்றார். நான் துவாயை உதறி அவருடைய கழுத்தில் திரும்பவும் போட்டுவிட்டு, நுரை அடிக்கப் போனேன்.